கைவினைத் தொழிலுக்கு அரசு உதவி: எந்த வாசலை முதலில் தட்டுவது?

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பவர், பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர், தம்மம்பட்டியில் மரத்தில் சாமி செதுக்குபவர், மானாமதுரையில் கடம் வனைபவர் என்று யாரிடம் பேசினாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: "நம்ம தொழிலுக்கு அரசாங்கத்துல ஏதாச்சும் கிடைக்குமா?" கிடைக்கும். பயிற்சி, கருவி, கடன், மானியம், கண்காட்சியில் கடை, விருது என்று நிறையவே இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இல்லை. ஒன்று ஒன்றிய அரசின் ஜவுளி அமைச்சகத்திடம், இன்னொன்று மாநிலத்தின் தொழில் துறையிடம், வேறொன்று வங்கியிடம். எதற்கு எங்கே போவது என்று தெரியாததால்தான் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் வரிசை. பெரும்பாலானோர் நேராகக் கடனில் போய் நிற்கிறார்கள். யாரோ "மூணு லட்சம் தர்றாங்களாம்" என்று சொன்னவுடன் வங்கி வாசலுக்குப் போனால், அங்கே கேட்கிற முதல் கேள்விக்கே கையில் காகிதம் இருக்காது. முதலில் கைவினைஞர் என்ற அடையாளம், அடுத்து தொழில் பதிவு, பிறகு பயிற்சியும் பொருளின் பெயருக்கான உரிமையும், அதன்பின் கடன். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு காகிதமும் அடுத்த காகிதத்துக்குத் துணை நிற்கும். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களையும், பெற்றோரின் பட்டறையை எடுத்து நடத்தப்போகும் இளைஞர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தொழில் எந்தத் துறையின் கணக்கில் வருகிறது?

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அலைந்தவர்கள் அதிகம். சிலை, பொம்மை, ஓவியம், மரவேலை, கல்வேலை, மண்பாண்டம், பாய், பித்தளை விளக்கு, நெட்டி வேலை எல்லாம் கைவினை. ஒன்றிய அரசில் இதற்குப் பொறுப்பு ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம். அதன் சார்பில் மாநிலங்களில் கைவினைஞர் சேவை மையங்கள் இயங்குகின்றன. மாநில அரசில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று பூம்புகார் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம். 1973 முதல் இயங்குகிறது, விற்பனையும் விருதும் பயிற்சியும் இதன் பக்கம். இன்னொன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் மாவட்டத் தொழில் மையம். கடன், மானியம் எல்லாம் இதன் வழியாகத்தான்.

தறியில் நெய்பவர் என்றால் பாதை வேறு. கைத்தறித் துறை, உங்கள் ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், கோ-ஆப்டெக்ஸ் என்று அது தனி உலகம். அதற்கான அடையாள அட்டையும் தனி. நாகஸ்வரம் வாசிப்பவர், தெருக்கூத்து ஆடுபவர், பறை அடிப்பவர் நிகழ்த்துகலைஞர்கள். அவர்களுக்குக் கலை பண்பாட்டுத் துறையும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியமும் இருக்கின்றன. ஆனால் நாகஸ்வரத்தைக் கடைந்து செய்பவர், வீணைக்குக் குடம் குடைபவர் கைவினைஞர். இசை சம்பந்தப்பட்டது என்பதற்காக அவர்கள் தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்கத் தேவையில்லை.

முதல் படி: கைவினைஞர் அடையாள அட்டை

ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்குத் தரும் அட்டைக்கு 'பெஹ்சான்' அட்டை என்று பெயர். இலவசம். கைவினைப் பொருட்கள் ஆணையர் அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அல்லது சேவை மையத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம். சில ஊர்களில் முகாம் போட்டும் பதிவு செய்வார்கள். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் ஆகியவை கையில் இருக்கட்டும். நீங்கள் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்பவர்தானா என்று சரிபார்ப்பார்கள். அதற்கு வேலை செய்துகொண்டிருக்கும் நிலையில் உங்கள் பட்டறையும் பாதி முடிந்த பொருட்களும் இருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை. முடிந்த பொருளை யார் வேண்டுமானாலும் வாங்கிவந்து காட்டலாம், பாதியில் நிற்கும் பொருளை அப்படிக் காட்ட முடியாது.

விண்ணப்பத்தில் கைவினை வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் தேவை. உலோகச் சிலை வார்ப்பவர் பொதுவாக 'உலோகப் பொருட்கள்' என்று எதையோ தட்டிவிட்டால், பின்னால் அந்தக் கைவினைக்கென்று வரும் பயிற்சிக்கோ கண்காட்சிக்கோ பெயர் தேடும்போது உங்கள் பெயர் வராமல் போகலாம். கணினி மையத்தில் உட்கார்ந்து பதிவு செய்தால் அந்தக் கட்டம் வரும்போது திரையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை எடுங்கள், முக்கியமாகப் பெண்களுக்கு. பத்தமடைப் பாய்க்குக் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, சாயமேற்றி நெய்வதில் பெண்களின் கைதான் பெரும்பங்கு. தஞ்சாவூர் ஓவியத்தில் கல் பதித்து, சுண்ணமும் பசையும் கலந்த கலவையால் மேடு எழுப்பி, தங்கத்தாள் ஒட்டும் வேலையைப் பல வீடுகளில் பெண்கள் செய்கிறார்கள். ஆனால் அட்டை வீட்டுக்கு ஒன்று, அதுவும் ஆண் பெயரில் என்று நின்றுவிடுகிறது. அந்தப் பெண்ணுக்குப் பிறகு பயிற்சியும் இல்லை, கண்காட்சியும் இல்லை, விருதுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் இல்லை. இருபது வருடம் பாய் நெய்தவர் காகிதத்தில் 'இல்லத்தரசி' என்று நிற்பது அநியாயம். அதைச் சரிசெய்ய ஒரு விண்ணப்பம் போதும்.

இரண்டாம் படி: உத்யம் பதிவு

உங்கள் பட்டறையை ஒரு குறுந்தொழிலாக அரசின் ஏட்டில் ஏற்றுவது உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துவிடலாம், கட்டணம் கிடையாது. தேடுபொறியில் தேடினால் அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் மேலே வரும். ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும். முகவரி அரசு இணையதளத்துக்குரிய '.gov.in' என்ற முடிவோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தடுமாற்றமாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்கிக்கொள்ளலாம்.

இந்தச் சான்றிதழ் கடனுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைக்காரரிடமிருந்து உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கும் இது உதவும். குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறுந்தொழில் செய்பவரிடம் பொருள் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்குக் கூட்டு வட்டி சேரும். இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். பொருள் கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்கவேண்டும் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்களில் பெரிய கடைகள் 'வித்த பிறகு தர்றோம்' என்று பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அது விற்பனையா, வெறும் ஒப்படைப்பா என்பது பில்லில்தான் தெரியும். ஆகவே பொருளைக் கொடுக்கும்போதே தேதியும் தொகையும் போட்ட பில்லில் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: பயிற்சி

இங்கே இரண்டு வகை ஆட்கள். தொழில் குடும்பத்தில் பிறந்து கையில் வேலை இருப்பவர்; வெளியிலிருந்து ஆசைப்பட்டு வருபவர்.

வெளியிலிருந்து வருபவருக்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால், மாமல்லபுரத்தில் உள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியை நான் முதலில் சொல்வேன். 1957இல் தொடங்கியது. மரபுக் கட்டடக்கலை, மரபுச் சிற்பம், மரபு ஓவியம் என்று பட்டப்படிப்புகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் குறைவு. கோயில் கட்டுமானமும் திருப்பணியும் இருக்கும்வரை வேலைக்குக் குறைவில்லாத படிப்பு இது. ஓவியம், வடிவமைப்பு பக்கம் போக விரும்புபவர்களுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850லிருந்து நடக்கிறது.

கல்லூரி வேண்டாம், ஒரு ஆசானிடம் கற்கவேண்டும் என்றால், கைவினைப் பொருட்கள் ஆணையர் அலுவலகத்தின் குரு–சிஷ்யப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. அனுபவமிக்க கைவினைஞர் ஒருவரின் கீழ் ஒரு குழுவாகப் பயிற்சி நடக்கும், கற்பவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. உங்கள் ஊரில் எப்போது வரும் என்பதைச் சேவை மையத்தில்தான் கேட்டு வைக்கவேண்டும். பூம்புகாரும் அவ்வப்போது பயிற்சி நடத்துகிறது. கணக்கு எழுதுவது, விலை போடுவது, வங்கியில் பேசுவது போன்றவற்றுக்கு மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. உணவு, தங்குமிடத்தோடு பயிற்சி இலவசம்.

சரி, குறுகிய காலப் பயிற்சியில் தொழில் வந்துவிடுமா? வராது. சுவாமிமலைச் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அங்க அளவு குறிக்கவேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கவேண்டும். வெயில் ஏறினால் மெழுகு இளகும், ஆகவே தண்ணீரில் போட்டுப் போட்டு எடுத்துச் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை முதல் பூச்சாக மெல்லப் பூசவேண்டும். விரல் நகமும் ஆபரண முடிச்சும் உலோகத்தில் தெளிவாக விழுவது அந்த முதல் பூச்சின் கையில்தான். பிறகு மணல் கலந்த கனமான பூச்சு, பெரிய சிலை என்றால் கம்பிக் கட்டு, வறட்டி அடுக்கிச் சூளை, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உருக்கிய உலோகம். ஆறியதும் கரு எனப்படும் அந்த மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கவேண்டும். ஒரு கருவுக்கு ஒரே சிலை. அதற்கு மேல் உளியும் அரமும் பிடித்து மாதக்கணக்கில் நகாசு வேலை. இதில் ஒரு படியில் கை படியவே வருடங்கள் ஆகும். அரசுப் பயிற்சி உங்களை அந்தப் பட்டறையின் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்ளே தங்கிக் கற்பது உங்கள் பொறுமை. முடிந்தால் பயிற்சி முடிந்த அன்றே அந்த ஆசானிடம் உதவியாளராகச் சேரப் பேசிவிடுங்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களின் கை சீக்கிரம் மறந்துவிடுகிறது.

நான்காம் படி: உங்கள் பொருளின் பெயர் யாருடையது?

தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, சுவாமிமலை வெண்கலச் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, பத்தமடைப் பாய், தம்மம்பட்டி மரச்சிற்பம், மானாமதுரை மண்பாண்டம், நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊரின் பெயரில் அந்தப் பொருளை விற்பதற்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருக்கிறது. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பதே சென்னையில்தான். செய்தி வரும்போது ஊரே கொண்டாடுகிறது. ஆனால் குறியீடு கிடைத்தது சங்கத்துக்கோ கழகத்துக்கோ. தனிப்பட்ட கைவினைஞர் அந்தக் குறியீட்டைத் தன் பொருளில் போட்டு விற்க வேண்டுமானால், 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தன் பெயரைத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம், அதனால்தான் குறியீடு வந்த பிறகும் விலை ஏறவில்லை என்ற வருத்தம் பட்டறைகளில் கேட்கிறது.

வேலை பெரிதில்லை. இதற்கான படிவம் ஜிஐ-3. கட்டணம் முன்பு 500 ரூபாய், 2020இல் அதை 10 ரூபாயாகக் குறைத்தார்கள். நீங்கள் அந்தப் பகுதியில் அந்தப் பொருளைச் செய்பவர் என்பதற்கான சான்றோடு விண்ணப்பிக்கவேண்டும். அடையாள அட்டை இங்கேயும் கைகொடுக்கும். சங்கத்தில் பேசி, ஊரில் உள்ள எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது. ஒருவர் மட்டும் பதிந்தால் ஒருவருக்குத்தான் லாபம். ஊரே பதிந்தால், வெளியூரில் அச்சில் அடித்த போலியை அதே பெயரில் விற்பவர்மேல் சேர்ந்து நடவடிக்கை எடுக்கப் பலம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: கடனும் மானியமும்

இப்போதுதான் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகவேண்டும். அடையாள அட்டை, உத்யம் சான்று, ஆதார், குடும்ப அட்டை, ஒரு வருட வங்கிப் பரிவர்த்தனை, கையில் உள்ள ஆர்டர் ஏதாவது இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய ஒன்றிய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைப் பற்றி நிறையக் காணொளிகள் சுற்றுகின்றன. 18 தொழில்கள், 15,000 ரூபாய்க்குக் கருவி, 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், அடுத்து 2 லட்சம் கடன் என்பது அந்தத் திட்டம். குடும்பத் தொழிலைச் செய்பவர்களுக்கு என்ற நிபந்தனை சாதி வழித் தொழிலை உறுதிப்படுத்தும் என்றும், 18 வயதிலேயே சேர்க்கலாம் என்பது பிள்ளைகளின் மேல்படிப்பைக் கெடுக்கும் என்றும் சொல்லி, அந்த வடிவில் அதை நடைமுறைப்படுத்த முடியாது என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் ஒன்றிய அரசுக்கு எழுதியது. அதற்குப் பதிலாக வந்ததுதான் கலைஞர் கைவினைத் திட்டம். 2025 ஏப்ரல் 19இல் குன்றத்தூரில் தொடங்கப்பட்டது. இதில் எந்தக் குடும்பத்தில் பிறந்தவர் என்ற கேள்வி இல்லை, 25 வகைத் தொழில்கள் அடக்கம், குறைந்தபட்ச வயது 35. அதனால் விஸ்வகர்மா பற்றிய காணொளியைப் பார்த்துவிட்டு இங்கே கணினி மையத்தில் பணம் கொடுத்துப் பதிவு செய்யாதீர்கள்.

கைவினைத் திட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், ஆனால் மானியத்துக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய். வட்டியிலும் 5 சதவீதம் வரை சலுகை. 2 லட்சம் வாங்கினால் 25 சதவீதம் என்பது சரியாக 50,000. 3 லட்சம் வாங்கினாலும் அதே 50,000தான். அதாவது 2 லட்சத்துக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் மானியமில்லாக் கடன். தொழிலுக்கு உண்மையிலேயே 3 லட்சம் தேவை என்றால் வாங்குங்கள். 'கிடைக்கிறதே' என்பதற்காக 3 லட்சம் கேட்காதீர்கள். ஒரு பட்டறைக்கு 2 லட்சம் என்பது நல்ல அளவு என்பது என் கருத்து.

வங்கியில் சிக்குவது பெரும்பாலும் திட்ட அறிக்கையில்தான். வங்கி கேட்பது மாதக் கணக்கு: மாதம் எவ்வளவு மூலப்பொருள், எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு விற்பனை. நம் தொழில்கள் அப்படி நடப்பதில்லை. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்ய ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய மரம். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்தரமும்தான் அதற்கு மூலப்பொருள். வீடு இடிக்கிற செய்தி வந்தவுடன் மொத்தப் பணத்தோடு போய் நிற்பவருக்கே மரம். இல்லையென்றால் வேறு வேலைக்குப் போய்விடும். இதை அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். 'மூலப்பொருள் ஆண்டுக்குச் சில முறை மொத்தமாக வாங்கவேண்டும், ஒருமுறை வாங்கினால் இத்தனை கருவிகள் செய்யலாம், ஒன்றின் விலை இவ்வளவு' என்று விளக்கினால் மேலாளருக்குப் புரியும். யாரோ தையற்கடைக்குத் தயாரித்த அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால், முதல் கேள்வியிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

பொம்மை செய்பவர்களுக்கும் இதே கதைதான். கொலு பொம்மைக்குப் புரட்டாசியில் விற்பனை, ஆனால் வேலை சித்திரைக்கு முன்பே தொடங்குகிறது. கடனைப் பெற்ற அடுத்த மாதமே தவணை தொடங்கினால் கையில் பணம் இருக்காது. தவணை தொடங்கும் மாதத்தைத் தள்ளி வைக்கமுடியுமா என்று கடன் கையெழுத்தாகும் முன்பே கேளுங்கள். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் யாராலும் எதுவும் செய்யமுடியாது.

35 வயது ஆகாதவர்களுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. படித்த, வேலையில்லா இளைஞர்களுக்கான மாநிலத் திட்டத்தில் 15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீத மானியம். பட்டம், பட்டயம், ஐடிஐ முடித்தவர்களுக்கு 'நீட்ஸ்' என்ற பெரிய அளவிலான திட்டம். சிற்பக் கல்லூரியில் படித்துவிட்டுச் சொந்தப் பட்டறை போட நினைப்பவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும். ஒன்றிய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை போகலாம், மானியம் இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம். இந்தத் தொகைகளை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால், போகிற அன்று தொழில் மையத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மானியம் என்றால் கையில் ரொக்கமாகத் தருவார்கள் என்று பலர் நம்பி வருகிறார்கள். பிரதமர் திட்டத்தில் அப்படி இல்லை. மானியத் தொகை உங்கள் பெயரில் வங்கியிலேயே 3 ஆண்டுகள் இருக்கும், தொழிலை ஒழுங்காக நடத்தினால் அதன்பின் கடனில் கழித்துக்கொள்வார்கள். மற்ற திட்டங்களில் எப்படி என்பதை வங்கிக் கிளையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டுப் பத்திரம் கேட்டால், "இது பிணையில்லாக் கடன் வரம்புக்குள்தானே வருது சார்?" என்று பணிவாகக் கேளுங்கள். விதி தெரிந்தவர் என்று புரிந்தால் பேச்சின் தொனியே மாறும்.

தரகர்களிடம் போகவே வேண்டாம். 'லோன் வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட் கொடு' என்று தொழில் மையத்தின் வாசலிலேயே நிற்பவர்கள் உண்டு. 50,000 ரூபாய் மானியத்துக்காக 20,000 ரூபாயைத் தரகருக்குக் கொடுத்தால் மிச்சம் என்ன? விண்ணப்பம் இணையத்தில் இலவசம். நிரப்பத் தெரியாவிட்டால் தொழில் மையத்தில் அதற்கென்றே அலுவலர்கள் இருக்கிறார்கள்.

விற்பனைக்கு என்ன உதவி?

ஊரிலேயே உட்கார்ந்து இடைத்தரகரிடம் விற்கும் பொருளுக்கும் வாங்குபவரிடம் நேராக விற்கும் பொருளுக்கும் உள்ள விலை வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்ததே. காந்தி சில்ப் பஜார் போன்ற ஒன்றிய அரசுக் கண்காட்சிகளில் அடையாள அட்டை உள்ள கைவினைஞர்களுக்குக் கடை கொடுத்து, பயணத்துக்கும் சரக்கு ஏற்றிச் செல்லவும் உதவி தருகிறார்கள். தேர்வான பிறகு பயணச் சீட்டு, லாரி ரசீது ஒன்றையும் தொலைக்காதீர்கள், பணம் திரும்பக் கிடைப்பது அவற்றை வைத்துத்தான். பூம்புகார் விற்பனை நிலையங்களுக்குப் பொருள் கொடுக்க விரும்பினால் மாதிரியோடு நேரில் போங்கள். ஒரே மாதிரி தரத்தில் தொடர்ந்து தரமுடியுமா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று பயந்து பலர் ஆர்டரையே விடுகிறார்கள். கையால் செய்த கைவினைப் பொருட்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் பான் எண்ணும் இ-வே பில்லும் (சரக்கு எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) வைத்துக்கொண்டு பதிவில்லாமலே அனுப்பலாம். உங்கள் பொருள் விலக்குப் பெறும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஆன்லைன் சந்தைத் தளங்களின் வழியாக மாநிலம் தாண்டி விற்க நினைத்தால் பதிவு தேவைப்படும்.

உலோகச் சிலை, கற்சிலை செய்பவர்கள் ஏற்றுமதியில் கூடுதலாக ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். பழங்காலச் சிலைகளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. நேற்று வார்த்த சிலையும் மரபு வடிவில் இருப்பதால், விமான நிலையத்தில் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நிறுத்துவார்கள். அதற்காகத்தான் இந்தியத் தொல்லியல் துறை 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்று தருகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தால் சிலையின் நான்கு பக்கப் புகைப்படம், உயரம், எடை, செய்த ஆண்டு எல்லாம் போட்ட பில்லைக் கொடுத்து, இந்தச் சான்றை வாங்கும் வேலையையும் நீங்களே பொறுப்பேற்றுச் செய்து கொடுங்கள். அவர் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்வார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்

நடக்கும். முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'மேனேஜர் முடியாதுன்னுட்டார்' என்பது காரணம் ஆகாது. காகிதம் குறைந்ததா, பழைய கடன் பாக்கியால் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் மதிப்பெண்) குறைந்ததா, கிளையின் எல்லைக்குள் நீங்கள் வரவில்லையா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும். பழைய நகைக்கடன், குழுக்கடன் பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுத் தகவல் புதுப்பிக்கப்படும்வரை காத்திருந்து மறுபடி விண்ணப்பிக்கலாம். காரணமே சொல்லாமல் இழுத்தடித்தால் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளரைப் பாருங்கள். வங்கிகளைப் பற்றிய குறையை, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் சொல்லலாம். அதற்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவில் விண்ணப்ப எண், வங்கிக் கிளை, கொடுத்த தேதி மூன்றும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். கொடுத்ததற்கான ரசீதை வாங்காமல் அந்த மண்டபத்தைவிட்டு வெளியே வராதீர்கள். பதில் வரும்வரை கேட்பதற்கு உங்கள் கையில் இருப்பது அந்த ரசீதின் எண்தான்.